கட்டுப்பாட்டுக் குழு

ஆய்வுக்கு இரண்டு வகுப்புகள் வேண்டும் என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். ஒரு வகுப்புக்குப் புது முறையில் பாடம், இன்னொன்றுக்கு வழக்கம்போல. முடிவில் இரண்டுக்கும் ஒரே தேர்வு. புது முறை வகுப்பு எவ்வளவு முந்தி நிற்கிறது என்பதுதான் ஆய்வேடு.

"எந்த வகுப்புக்கு எதுன்னு நீங்க முடிவு பண்ணாதீங்கம்மா. மனசு ஒரு பக்கம் சாயும். காசு சுண்டுங்க."

வேதியியல் ஆசிரியை கைப்பையைத் துழாவி ஒரு நாணயத்தை எடுத்து அவர் மேசை மேலேயே சுண்டினாள். ஏ பிரிவுக்குப் புது முறை விழுந்தது. பி பிரிவு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டுக் குழு.

பி பிரிவில் அவளுடைய அக்கா மகள் இருந்தாள். அதை அவள் பேராசிரியரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு பள்ளியைப் பார்க்கச் சொல்லியிருப்பார். காசு விழுந்தபடி விழுந்தது, இதில் தன் கை ஒன்றும் இல்லை என்று திரும்பும் பேருந்தில் நினைத்துக்கொண்டாள்.

பகலில் பள்ளி, வார இறுதியில் கல்வியியல் முதுகலை வகுப்பு என்று மூன்றாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. கால நீட்டிப்பும் ஒரு முறை வாங்கியாயிற்று. இந்த ஆண்டு ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். முதுகலைப் பட்டம் இல்லாதவர்களை மேல்வகுப்புகளிலிருந்து எடுத்துவிடப் போவதாகப் பள்ளி நிர்வாகம் சொல்லியிருந்தது. எடுப்பது என்றால் கீழ்வகுப்புக்கு அனுப்புவதில்லை. வீட்டுக்கு அனுப்புவது.

வீடு அக்காவுடையது. அக்கா துணி தைப்பவள். முன்னறை தையல் இயந்திரத்துக்கு, உள்ளறை இவளுக்கும் அக்கா மகளுக்கும். மாமா போன பிறகு மூன்று பெண்கள்தான். மகளை எல்லோரும் வாலு என்று கூப்பிடுவார்கள். ஒரு காய்ச்சலின்போது பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தவள், அன்றிலிருந்து அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். அந்த மாதிரி ஓர் இடத்தில்தான் அவளுக்கு வேலை வேண்டும். அதற்கு அடுத்த ஆண்டு அறிவியல் பிரிவில் இடம் கிடைக்க வேண்டும்.

ஆய்வுக்கு எடுத்த பாடம் மோல். அணுக்களை எண்ண முடியாது, அதனால் எடை போட்டு எண்ணுகிறோம். விஷயம் அவ்வளவுதான். ஆனால் புத்தகம் முதல் வரியிலேயே ஒரு பிரம்மாண்டமான எண்ணைத் தூக்கி மூஞ்சியில் அடிக்கும். வருடா வருடம் பாதி வகுப்பு அங்கேயே படுத்துவிடும்.

ஏ பிரிவுக்கு அவள் ஒரு பை நிறைய நட்டும் போல்ட்டும் கொண்டுபோனாள், கூடவே ஒரு தராசு. எண்ணாமல் எத்தனை என்று சொல்லுங்கள் என்றாள். கொஞ்ச நேரம் விழித்தார்கள். பிறகு ஒருத்தி பத்து நட்டை மட்டும் நிறுத்துப் பார்த்தாள். அங்கே பற்றிக்கொண்டது. ஒரு போல்ட்டுக்கு இரண்டு நட்டு மாட்டினால் இந்தக் குவியலில் எத்தனை தேறும், எது மிச்சம் நிற்கும் என்று சண்டை போட்டார்கள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த மணி பி பிரிவு. அதே பாடம், புத்தகத்தில் உள்ளபடி, கரும்பலகையில். அவள் மோசமாக நடத்தவில்லை. இத்தனை வருடம் நடத்தியது போலத்தான் நடத்தினாள். ஆனால் இப்போது அவளுக்கு வேறு வழி தெரியும். தெரிந்ததை நாக்குக்கு அடியில் அடக்கிக்கொண்டு வரையறையை இரண்டு முறை நிதானமாகச் சொன்னாள். மூன்றாவது பெஞ்சிலிருந்து வாலு கை தூக்கினாள்.

"மிஸ், ஒரு மோல்னா எடையா, எண்ணிக்கையா?"

"எண்ணிக்கை."

"அப்புறம் ஏன் மிஸ் கிராம்ல சொல்றீங்க?"

நல்ல கேள்வி. ஏ பிரிவில் இந்தக் கேள்வி எழுவதற்காகவே ஒரு முழு வகுப்பை அமைத்திருந்தாள். "புத்தகத்துல அடுத்த பக்கத்துல இருக்கு, பாரு" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து ஆசிரியர் அறையில் தலைமையாசிரியை அந்தச் செய்தியைச் சொன்னார். வேதியியலுக்கு இந்த முறை தனியாக அரையாண்டுத் தேர்வு கிடையாது. ஆய்வுக்காகத் தயாரித்த கேள்வித்தாளையே வைத்துக்கொள்ளலாம். அந்த மதிப்பெண்ணையும் சேர்த்துத்தான் அறிவியல் பிரிவுக்கு ஆள் எடுப்பது.

"பல்கலைக்கழகத்துப் பேராசிரியரே சரிபார்த்த கேள்வித்தாள். இதைவிட ஒழுங்கான தேர்வை நாம எங்க போய் வைக்கிறது?"

"கொடுத்துவச்சவங்க மேடம் நீங்க" என்றார் இயற்பியல் ஆசிரியர். "நாங்க எல்லாம் கேள்வித்தாளுக்கு மண்டையை உடைச்சுக்கிறோம். எம்.எட். அம்மா ஒரே கல்லுல எத்தனை மாங்கா அடிக்கிறாங்க பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சொல்வதற்கு அதுதான் நேரம். இரண்டு வகுப்புக்கும் ஒரே மாதிரி நடத்தவில்லை என்று ஒரு வரி போதும். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியை அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

மாலையில் பேராசிரியருக்குப் போன் செய்தாள்.

"சொல்லணும்னா தாராளமா சொல்லுங்கம்மா. நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்" என்றார் அவர். "ஆனா சொன்ன மறுநாளே பி பிரிவுக்குத் தனி வகுப்பு வைக்கச் சொல்வாங்க. ரெண்டு குழுவும் கலந்துட்டா அப்புறம் அது ஆராய்ச்சி இல்ல, சந்தைக்கடை. அடுத்த வருஷம் புதுசா ஆரம்பிங்க. ஆனா உங்களுக்கு அடுத்த வருஷம் இல்லையே."

"இல்ல சார்."

"தேர்வு முடியற வரைக்கும் பி பிரிவைத் தொடாதீங்க. முடிஞ்சப்புறம் என்ன வேணா சொல்லிக் குடுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை வாலு அக்காவின் பொத்தான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் கவிழ்த்தாள்.

"சித்தி, ஏ பிரிவுல நட்டு போல்ட்டு வச்சு நடத்துனியாமே. அவளுங்க என்ன அலட்டு அலட்டுறாளுங்க தெரியுமா? நம்ம வீட்டுல நட்டு இல்ல. பொத்தான்ல பண்ணலாமா?"

கட்டில் முழுக்கப் பொத்தான். சட்டைப் பொத்தான், பெரிய கோட்டுப் பொத்தான், அமுக்குப் பொத்தான். கோட்டுப் பொத்தான் ஒன்று, சட்டைப் பொத்தான் இரண்டு என்று சித்தியின் கண் தானாகவே சேர்த்துப் பார்த்தது. கால் மணி நேர வேலை.

"அது அவங்களுக்குச் சும்மா விளையாட்டுக்கு வச்சது. நீ புத்தகத்தைப் படி."

"புத்தகம் புரியலைன்னுதானே உன்கிட்ட வர்றேன்!"

"திரும்பத் திரும்பப் படிச்சா புரியும். இதை எடுத்து வை, அம்மா தேடப் போறாங்க."

 வாலு பொத்தான்களை அள்ளி டப்பாவில் போட்டாள். அதன் பிறகு வீட்டிலும் வகுப்பிலும் அவள் எதுவும் கேட்கவில்லை.

தேர்வு நடந்தது. பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்று விடைத்தாள்களை வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர் திருத்தினார். இரண்டு பிரிவுக்கும் உள்ள வேறுபாடு குறிப்பிடத்தக்கது என்று கணக்கு சொன்னது. பேராசிரியர் கணக்குத் தாளைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "இந்த மாதிரி சுத்தமான முடிவு பார்த்து ரொம்ப நாளாச்சும்மா" என்றார்.

அறிவியல் பிரிவுக்கு எடுத்தவர்களின் பெயர்களைத் தலைமையாசிரியை வகுப்பில் வாசித்தார். ஏ பிரிவில் முக்கால்வாசிப் பேர். பி பிரிவில் ஐந்து பேர். வாலு இல்லை.

அன்று ஆசிரியை வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா இயந்திரத்தை நிறுத்தினாள்.

"நீ மனசைப் போட்டு உழப்பிக்காதடி" என்றாள் அக்கா. "பள்ளிக்கூடத்துலயும் நீதான் சொல்லித் தர்ற, வீட்டுலயும் நீதான் இருக்க. இதுக்கு மேல யாரு என்ன பண்ண முடியும்? அவளுக்கு ஏறல, அவ்வளவுதான். என் மூளைதானே அவளுக்கும் இருக்கும்."

அவள் செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"அக்கா, ஏறலைன்னு இல்ல. ஏ பிரிவுக்கு நடத்துன மாதிரி நான் பி பிரிவுக்கு நடத்தல."

"ஏன், நேரம் பத்தலையா?"

"நேரம் இருந்துச்சு. ரெண்டு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியணும். அப்பதான் ஆராய்ச்சி."

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஊசிக்கு அடியில் பாதி தைத்த சட்டைக் கை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"இந்த மார்க்கை வச்சுத்தான் ஆள் எடுப்பாங்கன்னும் தெரியுமா?"

"தேர்வுக்கு முன்னாடியே தெரியும்."

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா துணியை ஊசியிலிருந்து விடுவித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பட்டம் வந்துடுமா?"

"வந்துடும்."

"உள்ள போ. அவ தன்னை மக்குன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. என்கிட்ட சொன்னதை அப்படியே அவகிட்ட சொல்லு."

வாலு தரையில் உட்கார்ந்து அடுத்த ஆண்டுக்கான வணிகவியல் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். யாரோ படித்து முடித்த பழைய புத்தகம். சித்தி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். காசு சுண்டியது, ஆசிரியர் அறை, போன், எதையும் விடவில்லை. சொல்லி முடித்து, "தப்பு என்னோடது. உன் மூளையில ஒரு குறையும் இல்ல" என்றாள்.

வாலு ஒட்டு நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஏதோ ஆராய்ச்சின்னு தெரியும் சித்தி. ஏ பிரிவுல எல்லாரும் பேசிக்கிட்டாங்க."

"அப்போ நீ ஏன்..."

"ஆனா எங்க பிரிவுலயும் அஞ்சு பேருக்குக் கிடைச்சிருக்கே. அவங்களும் நீ நடத்துனதைத்தானே கேட்டாங்க. அதே போர்டு, அதே புத்தகம்." அட்டையின் மடிப்பை நகத்தால் அழுத்தி நீவினாள். "அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு. எனக்குப் புரியல."

ஆய்வேட்டில் நூற்றுச் சொச்சம் பக்கங்கள் இருந்தன. சராசரி இருந்தது, பரவல் இருந்தது. புது முறையில் படித்திருந்தால் இந்த ஒருத்தி என்ன ஆகியிருப்பாள் என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது. நீ கண்டிப்பாகத் தேறியிருப்பாய் என்று சொல்ல வாயெடுத்தாள். அது அவளுக்குத் தெரியாது. அவள் அறிவியல் படித்தவள். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வரவில்லை.

முன்னறையில் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

"கொஞ்சம் தள்ளி உக்காரு சித்தி. வெளிச்சம் மறைக்குது" என்றாள் வாலு.

அவள் தள்ளி உட்கார்ந்தாள்.