பச்சைக்காய்ப் பழி

குடகின் காபித் தோட்டங்களில், மாலை எடை போடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தாம் பறித்த பழத்தைச் சாக்கின்மேல் கொட்டிப் பச்சைக்காயைப் பொறுக்கி நீக்க வேண்டும். மற்றவர்கள் ஒருமுறை பார்ப்பார்கள். செங்கமலம் இருமுறை பார்ப்பார். இடுப்பு கடுத்தாலும், எறும்பு கடித்த கை எரிந்தாலும், பதினெட்டு ஆண்டுகளாக அவ்வழக்கம் மாறியதில்லை.

பொங்கல் முடிந்ததும் அவர் ஊரான மீன்சுருட்டியிலிருந்து பறிப்பு ஆட்களுக்கான வேன் புறப்படும். நெல்லறுப்பை இயந்திரம் எடுத்துக்கொண்டபின், அந்த மூன்று மாத வேலைதான் அவருக்கு ஆண்டு முழுவதற்கும் சோறு.

சென்ற ஆண்டு தோட்டத்துக்கு வந்த அதிகாரி ஒருவர் அவர்களை மரநிழலில் அமர்த்திப் பேசினார். "மலையேறிய சாலைகளையும் துறைமுகத்துக்கு ஓடிய ரயிலையும் காபிதான் கொண்டுவந்தது. இன்றும் நீங்கள் பறிப்பதில் பெரும்பகுதி கடல் கடந்து போய் அந்நியப் பணமாகத் திரும்புகிறது. நாடு வளர்ந்தது உங்கள் விரல்களால்" என்றார்.

"சந்தோசங்க சார். அப்ப எங்க தெருவுக்கு எப்பங்க ரோடு வரும்?" என்றார் செங்கமலம்.

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தபடியே எழுந்து ஜீப்பில் ஏறினார்.

செக்கிழுத்த மாடு ஒன்று இருந்ததாம். "உன்னால்தான் ஊரெல்லாம் விளக்கெரிகிறது" என்று வாணியன் அதைப் புகழ்ந்தான். "அப்படியா! என் கொட்டில் மட்டும் இருட்டாக இருக்கிறதே" என்றதாம் மாடு. சொல்லிவிட்டு மறுபடியும் சுற்றப் போனதாம். வேறென்ன செய்யும்?

அதிகாரி வந்த அதே வாரம் எடை போடும் நேரத்தில் செங்கமலத்தின் சாக்கினுள் படி படியாகப் பச்சைக்காய் கிடந்தது. எடையைக் கணக்கில் எழுதும் தோட்டத்து ரைட்டர் சீறினார். ஆட்களைக் கூட்டிச் சென்ற மேஸ்திரி கலைச்செல்வன், "அத்தைக்குக் கண்ணு மங்கிப்போச்சு சார்" என்றான். மறுநாளே அவரைப் பஸ் ஏற்றிவிட்டார்கள். அவர் ஊர் சேர்வதற்குள் அச்சொல் சேர்ந்துவிட்டது. நாளடைவில் அவரே அதை நம்பத் தொடங்கியதுதான் கொடுமை. ஊசியில் நூல் கோக்கவும் அஞ்சினார். கடைசியில் ஜெயங்கொண்டத்தில் நடந்த கண் முகாமுக்குப் போனார். கண்ணில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இந்தத் தை மாதக் காலையில் அந்தச் சீட்டுடன் கடைவீதியில் வேனருகே நின்றார்.

"எடமில்ல அத்த" என்றான் கலைச்செல்வன்.

"மடியில குந்திக்கிறேன்னா சொன்னேன்? பின்னால ரெண்டு சீட்டு காலியாக் கெடக்கு. கண்ணு தெரியாதவளுக்கே தெரியுது, ஒனக்குத் தெரியல?"

வேனுக்குள் சிரிப்பு எழுந்து அடங்கியது. கலைச்செல்வன் அவர் நீட்டிய கண் முகாம் சீட்டைப் பிரித்துப் படித்தான், மடித்துத் திருப்பிக் கொடுத்தான். அவன் மனைவி பரிமளா வேனிலிருந்து இறங்கினாள்.

"அந்தப் பச்சக்காய் நான் உருவுனதுங்க. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். ஒண்ணொண்ணாப் பறிக்க முடியல, கொத்தோட உருவிட்டேன். நீங்க தண்ணி குடிக்கப் போனப்ப இவருதான் ஒங்க சாக்குல கொட்டுனாரு. நீங்க ரெண்டு தடவ பாத்து முடிச்சுட்டீங்க, இனிமே பாக்கமாட்டீங்கன்னு இவருக்குத் தெரியும்."

செங்கமலம் கலைச்செல்வன் பக்கம் திரும்பினார். கோபத்துக்கும் தெம்பு வேண்டுமே.

"ஏப்பா, ஒரு வருசமா சின்னப் புள்ளைங்கல்லாம் என்னியக் கையப் புடிச்சு ரோட்டத் தாண்ட வச்சுதுங்க" என்றார் மெல்ல.

கலைச்செல்வன் அலைபேசியை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். எல்லோருக்கும் கேட்கும்படியே பேசினான்.

"ரைட்டர் சார், போன வருசம் அந்தப் பச்சக்காய் செங்கமலத்தம்மா சாக்குல நான் கொட்டுனது. பொய் சொன்னதும் நான்தான்."

மறுமுனையில் வசவு கொட்டியது. தலை குனிந்து கேட்டான். முடிவில் ரைட்டர் சொன்னது தெளிவாகக் கேட்டது: "அந்தம்மாவக் கூட்டிட்டு வா. நீ இனிமே மேஸ்திரி இல்ல. வந்தா சாக்கு கட்டிப் பழம் பறி."

"சரிங்க சார்."

பின்பக்க இருக்கைமீதிருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தான். செங்கமலத்தின் மூட்டையை வாங்கி அங்கே வைத்தான். டிரைவர் ஹாரனை அழுத்தினார்.

"ஒரு நிமிசம்ணே" என்று கலைச்செல்வன் சாலையைக் கடந்தான். எதிரே டீக்கடையில் பத்துப்பேர் நின்றிருந்தார்கள். "அண்ணே, அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, செங்கமலத்தின் கண் பற்றித் தான் பரப்பிய பொய்யை முதலிலிருந்து அவர்களிடம் சொல்லத் தொடங்கினான்.