வெயில் தேவைப்படாத அறை

"அந்த ரூமுக்கு என்ன பேர் போட்டிருக்க?"

கணவன் அவள் தோளுக்கு மேல் குனிந்து கேட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியை எச்சில் தட்டுகளும் மறு பாதியை அவளுடைய மடிக்கணினியும் பிடித்துக்கொண்டிருந்தன.

"படுக்கையறைன்னு."

"அது ஸ்டோர்."

"அண்ணி அதுலதானே படுக்கறாங்க."

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, முன்னைவிட மெதுவாக, மறுபடி தொடங்கியது.

அவளுக்கு வேலை ஒரு கட்டட நிறுவனத்தில். கட்டப்போகும் கட்டடத்தைக் கணினியில் எழுப்பி, எந்த மாதத்தில் எந்த மணிக்கு அதன் நிழல் எங்கே விழும் என்று படம் எடுத்துத் தருவாள். தேதியை மாற்றினால் சூரியன் இடம் மாறும். ஊரார் வீட்டு வெயிலையெல்லாம் காலையிலிருந்து சாயங்காலம் வரை நகர்த்திவிட்டு, கண் எரிய வீட்டுக்கு வருவாள். இப்போது சொந்த வீட்டுக்கே மாடி எடுக்கப் போகிறார்கள். நகராட்சி நிழல் படம் கேட்டது. "கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு வெளிய எதுக்கு அலையணும்" என்று மாமியார் வேலையை அவள் தலையில் கட்டிவிட்டார்.

விதி இதுதான்: ஆண்டின் மிகக் குறுகிய பகலிலும், ஆள் படுக்கும் அறை ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரமாவது வெயில் வர வேண்டும். ஸ்டோர் ரூமுக்கு அந்தக் கணக்கு கிடையாது.

அண்ணி, அதாவது கணவனின் அக்கா, புருஷனை இழந்து இந்த வீட்டுக்குத் திரும்பி நான்கு வருடமாகிறது. "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று சமையலறைக்குப் பின்னாலிருந்த ஸ்டோரில் ஒரு கட்டிலைப் போட்டார்கள். அந்த 'இப்போதைக்கு' இன்னும் முடியவில்லை. பழைய வாளிகள், உடைந்த மின்விசிறி, அரிசி மூட்டைகள், அவற்றோடு அண்ணி. அறைக்கு ஒரே ஜன்னல். காலை எட்டு மணிக்கு வரும் வெயில் ஒன்பதரைக்குப் போய்விடும். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அண்ணி முதல் நாள் பேப்பரைப் படிப்பாள். மாடிப்படிக்கான புதுச் சுவர் அந்த ஜன்னலுக்கு இரண்டடி தள்ளி எழும்பப் போகிறது.

குறுகிய பகல் நாளின் தேதியைப் போட்டு அவள் ஓட்டிப் பார்த்திருந்தாள். எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. அந்த ஜன்னல் வெளுக்கவே இல்லை. படியை மேற்குப் பக்கம் தள்ளினால் வெயில் வந்தது. ஆனால் அங்கே கார் நிறுத்த இடம் விட்டிருந்தான் கணவன்.

"படுக்கையறைன்னு போட்டா பிளானைத் திருப்பி அனுப்பிடுவான்" என்றான். அவன் கத்தவில்லை. கத்தும் தெம்பு அவனுக்கும் இல்லை. "ஸ்டோர்னு போட்டா ஒரு கேள்வி வராது. ஒரு வார்த்தைதானே."

மாமியார் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். "அவ என்ன காலம் பூரா அங்கயேவா கெடக்கப் போறா? மாடி வந்துட்டா மேல படுத்துக்கட்டும்."

"மேல எந்த ரூம்ல அத்தை?"

மாடியில் இரண்டே அறைகள். ஒன்று அவளுக்கும் கணவனுக்கும். மற்றது விருந்தினர் அறை. அதற்குத்தான் வீட்டிலேயே அதிக வெயில், ஐந்து மணி நேரம்.

"வர்றவங்க போறவங்களுக்கு ஒரு ரூம் வேணாமா" என்றார் மாமியார். தான் பெற்ற மகளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்ற நினைவு அந்தக் குரலில் எங்கும் இல்லை.

அவள் துணி எடுக்கக் கொல்லைக்குப் போனபோது அண்ணி பின்னாலேயே வந்தாள். கையில் இன்னும் சோப்பு நுரை.

"ஸ்டோர்னே போட்டுடும்மா. என்னால உங்களுக்குள்ள எதுக்கு மனஸ்தாபம்? எனக்கு வெயில் பட்டு என்ன ஆகப்போகுது."

அவளுக்கு அசதியாக இருந்தது. திரும்பி வந்து மடிக்கணினி முன் உட்கார்ந்தாள். படுக்கையறையை அழித்தாள், ஸ்டோர் என்று அடித்தாள். வெயில் அட்டவணையிலிருந்து அந்த அறையின் வரி தானாகவே காணாமல் போனது. அலுவலகத்தில் சமையலறைக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறைகளுக்கெல்லாம், முதலாளி சொன்னபடி, இதே வார்த்தையை எத்தனை முறை அடித்திருப்பாள். அவற்றில் எத்தனை அறைகளில் கட்டில் கிடக்கிறதோ. ஒரு நாளும் அவள் கேட்டதில்லை.

மூன்று வாரம் கழித்து நகராட்சி அதிகாரி நேரில் பார்க்க வந்தார். அன்று காலையிலேயே கணவன் கட்டிலைத் தூக்கி மொட்டை மாடியில் போட்டுவிட்டான். கட்டில் கிடந்த இடத்தில் மூட்டைகளை அடுக்கினார்கள். பாதியை அடுக்கியது அண்ணிதான்.

"நீ ஒரு பத்து நிமிஷம் பக்கத்து வீட்ல போய் இரேன்" என்றார் மாமியார். அண்ணி டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

அதிகாரி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். ஸ்டோர் வாசலில் நின்றார். ஜன்னல் விளிம்பில் ஒரு சீப்பும் மூக்குக் கண்ணாடியும் இருந்தன.

"இங்க யாரும் தங்கறதில்லையே?"

"இல்ல சார். சாமான் போட்டு வெச்சிருக்கோம்" என்றான் கணவன்.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "வரைஞ்சது நீங்கதானே?"

அவள் கணவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"நான் தங்கறேன் சார்."

டீத் தட்டோடு அண்ணி நின்றாள். தட்டை அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு வருஷமா இதுலதான் படுக்கறேன். எழுதிக்கங்க."

அவர் எழுதிக்கொண்டார். டீயைக் குடிக்காமலே கிளம்பினார். பிளான் திரும்பி வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"நல்லா மானத்த வாங்கிட்ட" என்றார் மாமியார். கணவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அண்ணி மொட்டை மாடிக்குப் போய்க் கட்டிலைத் தனியாக இழுத்தாள். சத்தம் கேட்டு அவளும் ஓடி மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் ஒரு படி ஒரு படியாக இறக்கினார்கள். கீழே வந்ததும் அவள் வழக்கம்போலச் சமையலறைப் பக்கம் திரும்பப் போனாள். அண்ணி தன் முனையை எதிர்ப்பக்கம் திருப்பினாள்.

கட்டில் கூடத்துக்கு வந்தது. வாசலைப் பார்த்த பெரிய ஜன்னலுக்கு அடியில் அண்ணி அதைப் போட்டு, மேலே இருந்த தூசியைத் தட்டி, உட்கார்ந்தாள்.

மாமியார் பதறினார். "இங்கயா? யாராவது வந்தா என்னடி நினைப்பாங்க?"

அண்ணி ஜன்னல் கதவை முழுதாகத் திறந்துவிட்டாள்.

"வந்தா பாக்கட்டும்மா" என்றாள்.