ஒரே அடுப்பு, இரண்டு டப்பா

பஸ் டிரைவருக்கு வலது கால் கட்டைவிரலில் கவுட், ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி வருகிற மூட்டு வலி. வலி வந்துவிட்டால் போர்வை நுனி பட்டாலே உயிர் போய் உயிர் வரும். பிரேக் மிதிக்கிற கால் அது. "இன்னொரு தடவை லீவு போட்டீங்கன்னா ஸ்டியரிங்கை மறந்துட்டு ஆபீஸ்லதான் உக்காரணும்" என்று டெப்போ மேனேஜர் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய மனுஷருக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது.

டாக்டர் தினமும் போடச் சொன்ன மாத்திரை அலமாரியில் பிரிக்காமலே கிடந்தது. வாயைக் கட்டினால் போதும், மாத்திரை போட்டால் தீனிப்பண்டாரம் என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அவருக்கு வீம்பு. மாடியில் இருக்கும் எலெக்ட்ரீசியன் மச்சினன் வேறு, சொந்தக்காரர்கள் நடுவே, "மாமா வாய் சும்மா இருந்தா கால் ஏன் அழப்போகுது?" என்று சொல்லிச் சிரிக்க வைத்தான். அன்றோடு பேச்சு நின்றது. எட்டு மாதம். சாப்பாடு மட்டும் இருவருக்கும் ஒரே அடுப்பில். ஸ்டாப்பில் அவன் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்தும் இரண்டு முறை பஸ்ஸை எடுத்துவிட்டார்.

டாக்டர் அவரை ஒரு குடல் பாக்டீரியா ஆய்வுக்கு அனுப்பினார். அங்கிருந்த ஆய்வாளர் அம்மா, "உங்க வீட்டுச் சமையலையே சாப்பிட்டும் இந்த நோய் இல்லாத ஒருத்தர் வேணும். உங்க மலமும் அவரோட மலமும் இந்த ரெண்டு டப்பாவுல கொஞ்சம் வேணும். மூணு நாள் சாப்பிட்டதெல்லாம் எழுதணும்" என்றார். மனைவி பல்வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் ஆகாது. பாக்கி ஒரே ஆள்தான்.

மாடிப்படி ஏறுவதற்குள் கால் விண்விண் என்று தெறித்தது. வாய்வரை வந்த வார்த்தையை மூன்று முறை விழுங்கினார்.

"டேய், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

மச்சினன் முழுதும் கேட்டான். கேலி செய்யவில்லை. "டப்பாவைக் குடுங்க மாமா" என்றான். இரண்டு டப்பாக்களையும் மறுநாள் அவனே ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும் ஆய்வுக்கூடம் வரை கொண்டுபோய்க் கொடுத்தான்.

இருவர் சாப்பாட்டையும் டிரைவரே எழுதினார். அவன் வண்டவாளம் வெளியே வரட்டும் என்ற எண்ணம்தான். மூன்றாம் நாள் மனைவி அந்தத் தாளைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். "ஏங்க, இவன் கறி, மீனுன்னு ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறான். நீங்க அரை வயித்தோட எந்திரிக்கிறீங்க. உங்க வாயையே இத்தனை நாளா திட்டிட்டு இருந்தேனே" என்று கண்ணைத் துடைத்தாள்.

சில வாரம் கழித்து இருவரையும் ஆய்வாளர் கூப்பிட்டார். "யூரிக் அமிலத்துல பெரும்பங்கை கிட்னி வெளியேத்தும். மிச்சத்துல கொஞ்சத்தைக் குடல்ல இருக்கற சில பாக்டீரியா உடைக்குது. அது இவருக்கு நிறைய, உங்களுக்குக் கம்மி. இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், மாத்தற வழியும் இன்னும் தெரியல. ஆனா எல்லாப் பழியையும் வாய் மேல போடாதீங்க. மாத்திரையைப் போடுங்க."

டிரைவர் எழுந்தார். அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். வெளியே வந்ததும் மச்சினன், "மாமா, அன்னிக்கு நான் பேசினது தப்பு" என்றான்.

"விடுடா. பசிக்குது, வா."

அன்றிரவே மாத்திரை அட்டையைப் பிரித்தார். முதல் மாதம் ஒருமுறை வலித்தது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, விடாமல் போட்டார். பிறகு கால் அடங்கியது, ஸ்டியரிங் கையிலேயே இருந்தது.

ஒரு காலை பஸ் கிளம்பும்போது கண்ணாடியில் மச்சினன் தெரிந்தான், கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தான். டிரைவர் வலது காலை அழுத்தி மிதித்தார். துளி வலி இல்லை. பஸ் நின்றது.

"நேரமாச்சுப்பா! யாரு அவரு, பெரிய ஆளா?" என்றார் முன்சீட்டுக்காரர்.

"எனக்காக டப்பா தூக்கினவன்" என்றார் டிரைவர். அவன் ஏறி உட்காரும்வரை வண்டியை எடுக்கவில்லை.