மேல்பாறைக்கு யார் போனது

பல் செட் கட்டுகிறவருக்குப் பள்ளத்தாக்கில் என்ன வேலை? வேனிலிருந்து அந்த ஆள் இறங்கிய நிமிஷமே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

இங்கே வருகிறவர்கள் எல்லோரும் ஒரே அச்சு. கழுத்தில் கேமரா, தோளில் பைனாகுலர், இறங்கியதும் "ஆகா, என்ன காத்து!" என்று ஒரு பெருமூச்சு. இவர் தனியாக வந்தார், பதிவுச் சீட்டில் தொழில் பல் செட் கட்டுவது என்றிருந்தது. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கேமரா இல்லை, பைனாகுலர் இல்லை, காற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "இங்க ஓடை எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார்.

"எதுக்கு சார்?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிறவர்களை நான் நம்புவதில்லை. நம்பாமல் இருப்பதுதான் எனக்கு வேலையே. இந்தப் பள்ளத்தாக்கில் ஹோட்டல் கிடையாது. இங்கே குடியிருக்கிற குடும்பங்களே சேர்ந்து, முறை வைத்து, விருந்தாளிகளைத் தங்க வைக்கிறோம். வண்டி கேட்டுக்கு வெளியே நின்றுவிட வேண்டும். கொண்டு வந்த குப்பையை அவரவரே திருப்பி எடுத்துப் போக வேண்டும். தண்ணீர் வீணாகாமல் இருக்க எல்லோருக்கும் முற்றத்தில் ஒரே குழாய். என் வீட்டுக்காரர் சமையல், என் கொழுந்தன் வழிகாட்டி. யாரை உள்ளே விடுவது என்பது என் பொறுப்பு. இதெல்லாம் வருவதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் கல் குவாரியில் தூசியைத் தின்றுகொண்டிருந்தவர்கள்.

விருந்தாளிகள் வருவது எங்கள் முகத்தைப் பார்ப்பதற்காக அல்ல. மேல்பாறையில் ஒரு ஜோடி கழுகு கூடு கட்டுகிறது, அதற்காக. போன தடவைக்கு முந்தின தடவை அது முட்டையிட்டிருந்தபோது, பறவை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்தான். என் கையால் சாப்பிட்டான். "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். போகும்போது முட்டையோடு போனான். பஞ்சு வைத்த டப்பாவில் எடுத்துப் போனான் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

விசாரிக்க வந்த வன அதிகாரி ஊர் கூட்டிச் சொல்லிவிட்டுப் போனார். இனி முட்டைக் காலத்தில் மேல்பாறைக்கு யாரும் ஏறக் கூடாது. எதிர்மலையிலிருந்து அவருடைய ஆட்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் தொலைநோக்கியில் பார்த்துக்கொள்வார்கள். வெளியாள் ஏறினால் அவன் மேல் கேஸ், எங்களுக்கு எச்சரிக்கை. எங்கள் ஆட்களே ஏறினால் விருந்தாளிகளைத் தங்க வைக்கும் அனுமதி ரத்து, கேட்டுக்குப் பூட்டு.

இப்போது மறுபடியும் முட்டைக் காலம். சரியாக இந்த நேரம் பார்த்துத்தான் பல் செட்காரர் வந்து இறங்கியிருக்கிறார்.

அன்று மதியம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டபோது அவர் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொழுந்தன் ஏதோ ஜோக் சொன்னான், மற்ற விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் உதட்டை இறுக்கிக்கொண்டு கண்ணால் மட்டும் சிரித்தார். வாயைத் திறந்து சிரிக்காதவன் மனதில் எதையோ பூட்டி வைத்திருக்கிறான் என்பது என் கணக்கு.

சாயங்காலம் அவர் கொழுந்தனோடு காட்டுக்குப் போயிருந்தபோது நான் அறையைப் பெருக்கப் போனேன். பெருக்கத்தான் போனேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரரே நம்பமாட்டார். மேஜை மேல் ஒரு தோல் உறை. அதற்குள் இடுக்கி, சின்ன அரம், ஒரு துண்டு மெழுகு. தலையணைக்கு அடியில் ஒரு டப்பா. திறந்தேன். உள்ளே பஞ்சு, ஈரப் பஞ்சு. நடுவில் அழகாக ஒரு குழி.

டப்பாவை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"பஞ்சு டப்பா வச்சிருக்கான்."

"யாரு?" என்றார் என் வீட்டுக்காரர், கரண்டியை விடாமல்.

"அந்தப் பல்லு."

"உனக்கு யாரைப் பார்த்துத்தான் சந்தேகம் வரல? கல்யாணத்தன்னிக்கு என்னையே அப்படித்தான் பார்த்த."

"உங்க விஷயத்துல என் சந்தேகம் தப்பாப் போச்சா?"

அவர் அடுப்பைத் தணித்தார். இருட்டும்போது திரும்பி வந்த பல் செட்காரரிடம் நானே வாயைக் கொடுத்துப் பார்த்தேன்.

"என்ன சார், ஊர் சுத்த வந்த இடத்துல இடுக்கியும் அரமும்?"

அவர் முகம் செத்துவிட்டது. "எங்க தொழில் சாமான்மா. எங்க போனாலும் கூடவே வரும்."

"டப்பா?"

"அது... அது என் சொந்த விஷயம்." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அவர் அறைக் கதவு திறந்து கிடந்தது. ஆள் இல்லை. தலையணையைப் புரட்டினேன். டப்பாவும் இல்லை.

கொழுந்தனை உலுக்கி எழுப்பினேன். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "வழி தெரியாம எங்கயாவது போயிருப்பாரு அண்ணி. நாலு பக்கமும் நின்னு கூப்பிட்டுப் பார்ப்போம்" என்றான்.

"கூப்பிட்டா உஷாராயிடுவான்டா! சத்தம் போடாம மேல போவோம். கையும் களவுமாப் பிடிப்போம்."

"மேலயா? முட்டை இருக்கு அண்ணி. நம்ம ஆளுங்க ஏறக் கூடாதுன்னு..."

"அவன் ஏறிட்டான்டா! முட்டையே போனப்புறம் யாரு ஏறினா என்ன?"

அதிகாரிக்குச் சொல்லி அனுப்பலாம் என்றான். பள்ளத்தாக்கில் போன் எடுக்காது. ஆள் போய்ச் சொல்லி, அவர்கள் வந்து சேர்வதற்குள் களவாணி அடுத்த ஊரில் இருப்பான். நான் முன்னால் நடந்தேன். அவன் பின்னால் வந்தான். அவன் என் பேச்சைத் தட்டாதவன். அவன் அப்படி இருந்ததில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு.

ஓடையை ஒட்டித்தான் ஏற்றம். சருகு மிதிபடாமல், இருமல் வந்தால் விழுங்கிக்கொண்டு ஏறினோம். கூட்டுக்கு எதிரே ஒரு புதர். அதற்குப் பின்னால் உட்கார்ந்தோம். கூடு அப்படியே இருந்தது, தாய்க் கழுகும் அதில் இருந்தது. அப்பாடா, முந்திக்கொண்டோம் என்று நினைத்தேன். எப்படியும் வருவான், வரட்டும்.

அவன் வரவில்லை. தாய் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. கழுகுக்கு முன்னால் ஒரு புதருக்குப் பின்னால் ஒளிந்த புத்திசாலிகள் உலகத்திலேயே நாங்கள்தான் இருப்போம். அது எழும்பிப் பறந்தது.

"அண்ணி, போயிடலாம். நாம இருந்தா அது இறங்காது."

"இரு. இப்பப் போனா அவன் வந்துடுவான்."

கழுகு மேலே சுற்றிக்கொண்டே இருந்தது. வெயில் பாறையில் ஏறியது. கூட்டில் முட்டை திறந்து கிடந்தது, எங்கள் கண்ணுக்கே வெள்ளையாகத் தெரிந்தது. கொழுந்தன் இரண்டு தடவை எழுந்தான், இரண்டு தடவையும் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். பிறகு ஒரு காக்கை வந்தது. கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. நான் புதரை விட்டு எழுந்து கத்தினேன், கல்லை எடுத்து வீசினேன். அது பாட்டுக்குக் குத்தியது. கழுகு பாய்ந்து இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கொழுந்தன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவன் விடுவிடுவென்று இறங்கத் தொடங்கினான்.

பாதி வழியில் ஓடைப் பக்கமிருந்து ஏதோ முனகல் கேட்டது. தண்ணீர்ச் சத்தத்தில் முதலில் பிடிபடவில்லை. வழுக்குப் பாறைக்குக் கீழே பல் செட்காரர் கிடந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. எங்களைக் கண்டதும் அவர் காலைப் பிடிக்கவில்லை. வாயைப் பொத்தினார். டப்பா அவர் பக்கத்தில் திறந்து கிடந்தது, அதன் ஈரப் பஞ்சில் ஒரு முழுப் பல் செட் உட்கார்ந்திருந்தது.

"ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறவன்மா நான்" என்றார். பல் இல்லாத வாயில் வார்த்தைகள் காற்றாக வந்தன. "எனக்கே பல்லு இல்லைன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்க. முற்றத்துக் குழாயில எல்லாரும் வாய் கொப்பளிக்கிற இடத்துல எப்படிக் கழட்டுறது? அதான் இருட்டு பிரியறதுக்குள்ள இங்க வந்தேன். வழுக்கிடுச்சு."

"கூப்பிட்டிருக்கலாமே சார்" என்றான் கொழுந்தன்.

"கூப்பிட்டேன் தம்பி. சத்தம் வரல. காலையில மேல காலடி கேட்டுச்சு. யாரும் என்னைக் கூப்பிடல. நீங்க வேற யாரையோ தேடுறீங்கன்னு நினைச்சேன்."

நான் அந்த டப்பாவை மூடினேன். அதைத் தவிர அப்போது என் கைக்குச் செய்ய ஒன்றும் தெரியவில்லை.

கட்டிலில் வைத்துத் தூக்கிப் போய் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மறுநாள் வன அதிகாரி வந்தார். எதிர்மலையிலிருந்து அன்று காலையில் பார்த்தபோது கூடு காலியாக இருந்ததாம். முற்றத்தில் எல்லாக் குடும்பமும் கூடிவிட்டது.

"மேல்பாறைக்கு யார் போனது?"

கொழுந்தன் தரையைப் பார்த்தான். அவன் மனைவி இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள்.

"ஆஸ்பத்திரியில ஒருத்தன் கால் உடைஞ்சு கிடக்கானாமே. மேலயிருந்து விழுந்தவன்தானே?"

தலையை ஆட்டினால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம். வெளியாள் மேல் கேஸ் போகும், எங்களுக்கு ஒரு எச்சரிக்கை, கேட் திறந்தே இருக்கும். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். மறைப்பானேன், என் கழுத்து அசையத் தொடங்கிவிட்டது.

அதைப் பார்த்துவிட்டு அதிகாரி திருப்தியாகச் சொன்னார்: "எனக்குத் தெரியும்மா. இந்த மாதிரி ஆளுங்களைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்."

அது என் பேச்சு. என் வாயில் தினமும் வருகிற பேச்சு. இன்னொருவர் வாயில் கேட்டதும் அசையத் தொடங்கிய என் கழுத்து நின்றுவிட்டது.

"போனது நான் சார்" என்றேன். "நான்தான் என் கொழுந்தனையும் இழுத்துட்டுப் போனேன். நாங்க அங்க உட்கார்ந்திருந்ததாலதான் முட்டை போச்சு. அந்த மனுஷன் ஓடையைத் தாண்டி ஒரு அடி வைக்கல."

அன்று சாயங்காலமே கேட்டில் அவர்களுடைய பூட்டு தொங்கியது. குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன.

அடுத்த வாரம் குவாரி லாரி வந்தது. கொழுந்தன் சாப்பாட்டுத் தூக்கோடு ஏறப் போனான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒண்ணு கேட்கட்டுமா அண்ணி?" என்றான். பல வருஷத்தில் முதல் தடவையாக அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். "அந்தாளுக்காகச் சொன்னீங்களா, இல்ல நாலு பேர் முன்னாடி நல்லவளா நிக்கணும்னு சொன்னீங்களா?"

கேட்டுவிட்டு அவன் ஏறிக்கொண்டான், லாரி கிளம்பிவிட்டது. அதே கேள்வியை என்னையே கேட்டுக்கொண்டு நான் வீட்டுக்கு நடந்தேன்.