நாற்பது விநாடி முந்தி

குபிசெக் வீட்டில் இந்த வருஷம் வாலிபால் பார்ப்பதென்றால் இரண்டு பேரும் இரண்டு திசையில் உட்கார வேண்டியிருந்தது. டுவெய்ன் டிவியைப் பார்த்து, அவன் மனைவி மார்லா ஜன்னலைப் பார்த்து. மார்லாவுக்கு ஜன்னலும் டிவியும் ஒன்றுதான். நாற்பது வயதில் கண் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. ஆனால் அவளைத் திருப்பி உட்கார வைத்ததற்குக் காரணம் கண் அல்ல, முகம். ஆட்டத்தின் முடிவை அந்த முகம் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது.

போன வருஷம் வரை இந்தத் தொல்லை கிடையாது. மகள் இருக்கும் கல்லூரி அணியின் ஆட்டங்களை உள்ளூர் சேனல் கொடுத்தது. கூரைமேல் ஒரு ஆன்டெனா இருந்தால் போதும். டிவி வர்ணனை மார்லாவுக்கு உதவாது. "ஆகா, என்ன அடி" என்பார்களே தவிர யார் அடித்தது, எந்த மூலைக்குப் போனது என்று சொல்ல மாட்டார்கள். கண்ணிருப்பவனுக்குத்தானே பேசுகிறார்கள். அதனால் டுவெய்ன் டிவியின் வாயை அடைத்துவிட்டு வானொலியைத் திருப்பி வைப்பான். நெப்ராஸ்கா மாநிலத்தில் பாதி வீட்டில் வழக்கமே அதுதான். வானொலியில் ஹாலிஸ் என்று ஒரு மனிதர் முப்பது வருஷமாகப் பந்தின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்லச் சொல்லப் படமும் சரியாக ஓடும்.

ஹாலிஸ் விட்டதை டுவெய்ன் நிரப்புவான். கோச் நகத்தைக் கடிக்கிறாள், எதிரணிப் பெண்ணுக்கு முழங்காலில் கட்டு, ஆட்ட இடைவேளையில் பெஞ்சைக் காட்டுகிறார்கள், நம்ம கென்னா தண்ணீர் குடிக்கிறாள். மார்லா காத்திருப்பதெல்லாம் அந்தக் கடைசித் தகவலுக்குத்தான். மகள் கென்னாவை அவள் கண்ணால் கடைசியாகப் பார்த்தது நாலு வயதில். அதற்குப் பிறகு வளர்ந்த கென்னா முழுவதும் டுவெய்ன் சொல்லிக் கேட்டவள். அவனும் அதில் ஒரு பொட்டு கூட்டிக் குறைத்துச் சொன்னவன் இல்லை. சட்டையில் கறை என்றால் கறை என்பான். பள்ளி நாடகத்தில் பிள்ளை சொதப்பினால் சொதப்பினாள் என்பான். இதமாகப் பேசத் தெரியாத மனிதன். அவளுக்கும் இதம் வேண்டியிருக்கவில்லை, நிஜம்தான் வேண்டியிருந்தது.

இந்த வருஷம் ஆட்டங்களையெல்லாம் ஒரு இணைய நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். இனி ஆப்பில்தான் பார்க்க வேண்டும். படம் என்னவோ பளிங்கு மாதிரி இருந்தது. நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம். ஆனால் அது எங்கெங்கோ சுற்றிவிட்டு நாற்பது விநாடி கழித்து வந்தது. செப்டம்பரில் முதல் ஆட்டத்தன்று, டிவியில் பெண் பந்தைத் தூக்கிக்கூடப் போடவில்லை, வானொலியில் ஹாலிஸ் புள்ளி வாங்கிக் கொடுத்துவிட்டார்.

"இது என்ன இழவு. கல்யாணம் முடிஞ்சப்புறம் பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கு" என்றான் டுவெய்ன்.

அடுத்த ஆட்டத்துக்கு மார்லாவின் காதில் கம்பியில்லாத ஹெட்போன் ஏறியது. அப்படியும் சண்டை ஓயவில்லை.

"சிரிக்காத."

"நான் எங்கய்யா சிரிச்சேன்?"

"புருவம் மேல போச்சு. நமக்குப் புள்ளி. போ, இனி நான் எதுக்குப் பாக்கணும்?"

அப்படித்தான் அவள் நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியது. எதுவும் முன்னால் சொல்லக் கூடாது என்பது சட்டமாயிற்று. ஒருநாள் டுவெய்னின் தம்பி வந்திருந்தபோது மட்டும் மார்லா சட்டத்தை மீறினாள். "அடுத்த பந்து வெளிய போகும் பாரு" என்று ஆறு தடவை சொல்லி ஆறும் பலித்து, பந்தயத்தில் தோற்ற அந்த மனிதன் வீட்டிலிருந்த பாத்திரம் அத்தனையும் தேய்த்துவிட்டுப் போனான். விஷயம் தெரியாமல் அவளுக்கு ஏதோ சக்தி இருப்பதாக இன்றுவரை சர்ச்சில் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஆனால் டுவெய்ன் அவளுக்குச் சொல்வது நின்றுபோயிற்று. அவன் எதைச் சொன்னாலும் அது அவளுக்குப் பழைய கதை. ஹெட்போனை மீறிக் கத்திச் சொல்லவும் அவனுக்கு அலுப்பு. ஒரே அறையில் இரண்டு பேரும் தனித்தனியாக ஆட்டம் பார்த்தார்கள். கென்னா தண்ணீர் குடித்தாளா, யாரோடு சிரித்தாள் என்பது மார்லாவுக்குத் தெரியாமலே இரண்டு மாதம் போய்விட்டது. அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அது அவளை அரித்துக்கொண்டிருந்தது.

நவம்பரில் அந்தச் சனிக்கிழமை, கல்லூரி மைதானத்தில் கென்னாவுக்குக் கடைசி ஆட்டம். நாலு வருஷமாக அவள் பெஞ்சைத் தேய்த்ததுதான் மிச்சம். ஒரு பந்து, ஒரே ஒரு பந்துகூட ஆடியதில்லை. கடைசி வருஷத்துப் பிள்ளைகளை இந்த ஆட்டத்திலாவது இறக்குவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. பெற்றவர்களும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு களத்துக்குள் நடந்து போகலாம். மார்லா புதுக் கோட்டு வாங்கியிருந்தாள். நாலு மணி நேரப் பயணத்துக்குப் பெட்டி கட்டி வாசலில் வைத்தாயிற்று. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. விடிகாலையில் உறைமழை பிடித்துக்கொண்டு சாலையெல்லாம் கண்ணாடியாகிவிட்டது. நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்.

காலையில் கென்னாவே கூப்பிட்டாள். "அம்மா, கிளம்பிடாதீங்க. அப்பா பிடிவாதம் பிடிப்பாரு, சாவியப் புடுங்கி வச்சுக்கோ. நான் என்ன பண்ணப் போறேன், கை தட்டப் போறேன். அத டிவியில பாத்தாப் போதும்."

"இன்னைக்கு இறக்குவாங்கடி."

"இறக்கினா இறக்கட்டும்" என்றாள் கென்னா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அது எவ்வளவு கஷ்டப்பட்டு வரவழைத்த சாதாரணம் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

பகல் ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. முதல் இரண்டு செட்டும் கென்னாவின் கல்லூரிக்கே. மூன்றாவதில் டிவியில் இருபத்தொன்றுக்குப் பத்து. டுவெய்ன் ரிமோட்டை நாற்காலியில் எறிந்தான்.

"பதினோரு புள்ளி மேல நிக்கறாங்க. இப்பக்கூட இறக்கலேன்னா இந்தக் கோச் பொம்பள எப்ப இறக்குவா? எம்பொண்ணு என்ன, தண்ணி பாட்டில் தூக்கவா போனா?"

மார்லா ஹெட்போனை ஒரு காதில் நகர்த்தி, "இன்னும் நாலு புள்ளி இருக்கு. உக்காருய்யா" என்றாள்.

"எனக்குப் பாக்கப் பிடிக்கல." அவன் உப்பு வாளியை எடுத்துக்கொண்டு பின்வாசல் படிகளுக்குப் போய்விட்டான். கோபம் வந்தால் அவனுக்குக் கையில் ஏதாவது வேலை வேண்டும். படியில் உறைந்த பனி உருகுவதற்காக அவன் உப்பு வீசும் சரசரப்பு மார்லாவுக்குக் கேட்டது.

காதில் ஹாலிஸ், இருபத்துமூன்றுக்குப் பதினொன்று என்றார். பிறகு, பத்தொன்பதாம் எண், கென்னா குபிசெக், சர்வீஸ் போட உள்ளே வருகிறாள் என்றார்.

மார்லா எழுந்துவிட்டாள். சமையலறை வழியாகப் பின்கதவுக்குப் பதினான்கு அடி. மேசை விளிம்பில் இடுப்பு இடித்தது, நிற்கவில்லை. நாற்பது விநாடி இருக்கிறது. படம் வருவதற்குள் அவனை உட்கார வைத்துவிடலாம். இரண்டு மாதமாகத் திட்டித் தீர்த்த அந்தத் தாமதம் இப்போது அவளுக்குச் சாமி கொடுத்த அவகாசமாக இருந்தது. கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. அவன் பெயரைச் சொல்ல வாயைத் திறக்கும்போது ஹாலிஸ் சொன்னார்: பந்து வலையில்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கூட்டம் எதற்கோ எழுந்து இரைந்தது, ஹாலிஸின் குரலே அதில் முங்கிப்போயிற்று. மார்லா ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"ஏன் வெளிய வர்ற? வழுக்கும், அங்கயே நில்லு" என்றான் டுவெய்ன்.

அவள் நின்றாள். கூப்பிடாமல் விட்டுவிடலாம். மகள் களத்தில் இறங்கினதும் தெரியாமல், தவறவிட்டதும் தெரியாமல், அவன் பாட்டுக்கு உப்பைத் தூவிக்கொண்டிருப்பான். சாயங்காலம் ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம். அவன் மனசு நோகாது. ஆனால் அவளுக்கு நினைவு வந்தது என்னவோ தன் கண்தான். பார்க்கக் கிடைக்கிற ஒன்றை, அது எப்படி முடிந்தால் என்ன, பார்க்காமல் விடுவார்களா? அவளாக இருந்தால் தவழ்ந்தாவது போயிருப்பாள்.

"உள்ள வா" என்றாள்.

"ஆட்டம் முடிஞ்சுதா?"

"இல்ல. வா."

"எதுக்குன்னு சொல்லு."

"சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? வந்து உக்காருய்யா, சீக்கிரம்."

வாளி கீழே விழும் சத்தம் கேட்டது. டுவெய்ன் பூட்ஸோடு அவளைத் தாண்டி ஓடினான். இருபது வருஷத்தில் அந்தக் கம்பளத்தில் பூட்ஸ் பட்டது அன்றைக்குத்தான்.

"மார்லா" என்றான் உள்ளிருந்து. "மார்லா, நம்மவ. கென்னா உள்ள வர்றா." அவள் சுவரைத் தொட்டுக்கொண்டு வந்து சேர்வதற்குள் அவன் பேசத் தொடங்கியிருந்தான், பழையபடி, மூச்சுவிடாமல். "பந்த வாங்கிட்டா. தலைமுடிய உச்சியில இறுக்கிக் கட்டியிருக்கா. எல்லைக்கோட்டுக்குப் பின்னால போறா. மூணு தடவ தட்டறா. எங்கயும் பாக்கல, பந்தத்தான் பாக்கறா."

"பயந்திருக்காளா?"

"கொஞ்சம். ஆனா நிமிந்து நிக்கறா. ம், தூக்கிப் போட்டா."

மார்லா சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் குரலில் இருந்த நம்பிக்கையைக் கேட்க அவளுக்குப் பொறுக்கவில்லை. கேட்காமலிருக்கவும் முடியவில்லை.

டுவெய்ன் பேச்சை நிறுத்தினான். அவள் கழுத்தில் ஹெட்போன் கிடந்ததை அவன் பார்த்திருக்க வேண்டும்; முடிவை அவள் கேட்டிருக்க மாட்டாள் என்று நினைத்திருப்பான். பிறகு சொன்னான்: "உள்ள விழுந்துச்சு. மூலையில. எதிரணிக்காரி தொடக்கூட இல்ல."

பதினெட்டு வருஷத்தில் அவன் பார்த்ததை மாற்றிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவளுக்கு அவன்மேல் அன்பு பொங்கியது. கூடவே பயமும் வந்தது. இந்த ஆள் இரக்கப்பட்டுப் பொய் சொல்ல ஆரம்பித்தால் அப்புறம் அவளுக்கு என்ன மிச்சம்? பேசாமல் விட்டிருக்கலாம். அவளால் விட முடியவில்லை.

"அப்ப அடுத்த சர்வீஸும் அவதானே?" என்றாள். "புள்ளி எடுத்தா அவதானே திரும்பப் போடணும்?"

பொய்க்கும் பழக்கம் வேண்டும்; டுவெய்னுக்கு அது இல்லை. சோபா கிரீச்சிட்டது.

"நெட்ல பட்டுருச்சு மார்லா."

"தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"நீ வாளிய வச்சுக்கிட்டு நின்னியே, அப்பத்துல இருந்து."

"தெரிஞ்சேவா என்னைக் கூப்பிட்ட?"

"தெரிஞ்சுதான் கூப்பிட்டேன். நாலு வருஷத்துல அவ போட்ட ஒரே சர்வீஸ்யா அது. எங்க விழுந்தா என்ன?" அவள் குரல் உடைந்தது. "எனக்கு மட்டும் பொய் சொல்லாத. அது வேணாம்."

"இனி இல்ல" என்றான் அவன்.

"அப்புறம் கூட்டம் ஏன் அப்படிக் கத்துச்சு?"

"அவ வெளிய வந்தாளா, பெஞ்சுல இருந்த அத்தன பேரும் எழுந்து ஓடிப்போய்க் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. கோச்சும்தான். ஊரே எழுந்து நின்னு கை தட்டுது. நம்மவ அழுதுக்கிட்டே சிரிக்கறா. மார்லா, இது பொய் இல்ல."

"தெரியுதுய்யா. பொய்யின்னா இதுக்குள்ள திக்கியிருப்ப."

ஆட்டம் முடிந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. மார்லா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதற்குள்ளிருந்து ஹாலிஸ் எறும்புக் குரலில் யாருக்கோ வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். டுவெய்ன் ரிமோட்டைத் தேடி எடுத்தான்.

"இதுல பின்னால ஓட்டலாம்" என்றான். "ஒரு நல்லதுன்னா அது ஒண்ணுதான். பாக்கலாமா? முடிவு ரெண்டு பேருக்குமே தெரியும்."

மார்லா சுற்றி வந்து சோபாவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவ பெஞ்சுல உக்காந்திருப்பாளே, அங்க இருந்து போடு. அவசரப்படாமச் சொல்லு."

அவன் போட்டான். "உக்காந்திருக்கா. கோச் கூப்பிடறா. இவளுக்குக் காதுல விழல, பக்கத்துல இருக்கறவ இடிக்கறா. இப்ப எழுந்துட்டா." படத்தை நிறுத்தினான். "இத நான் அப்பப் பாக்கல. கீழுதட்ட ஒரு பக்கமாக் கடிச்சுக்கிட்டிருக்கா, உன்ன மாதிரி."

"நான் எங்க கடிக்கறேன்?"

"இப்பவும் கடிச்சுக்கிட்டுத்தான் இருக்க."