பதினொன்றரைக்கு அவள் முறை

பேரவையோடு மக்கள் நேரடியாகப் பேசலாம் என்று கைபேசிச் செயலி வந்த முதல் வாரத்திலேயே நகரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் குரல் போய்விட்டது. தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை. பேசிய குரல் பேரவைக்குப் போய்ச் சேர்ந்தது, திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். பேரவையில் சுருக்கெழுத்து எழுதுகிறவளுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. தராசில் விரல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் காய்கறி வாங்குகிறவள் அவள். புருஷனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "கேக்கறேன்னு சொல்றவனுக்குக் காது எங்க இருக்குன்னு முதல்ல பாருங்க. அப்புறம் வாயைத் திறங்க."

அந்த மனுஷன் கேட்டால்தானே! பஸ் கண்டக்டர், பதினெட்டு வருஷம் பேசியே பிழைத்த வாய். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நோயாளிகள் வெயிலில் சுருண்டு கிடக்கிறார்கள், ஒரு கூரை போடுங்கள் என்று சாப்பாட்டு இடைவேளையில் செயலியில் சொன்னார். திரையில் பச்சை எழுத்தில் நன்றி வந்தது. அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. விசிலை ஊதியே நாலு நாள் ஓட்டினார். மாதக் கடைசிக்குள் குரல் வராவிட்டால் வேலையிலிருந்து நின்றுகொள்ளலாம் என்று டிப்போ மேலாளர் சொல்லிவிட்டார். வீட்டில் அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. திட்டவும் மனம் வரவில்லை. பதில் பேச முடியாதவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

பேரவையில் குரல்களெல்லாம் கூரைக்கடியில், மின்விசிறிகளுக்கு மேலே தங்கியிருந்தன. தண்ணீர் வரவில்லை, பென்ஷன் வரவில்லை, சாக்கடை மூடியைக் காணோம் என்று நாள் முழுக்க முணுமுணுத்தன. உறுப்பினர் அல்லாதவர் பேச்சு அவைக்குறிப்பில் ஏறாது என்று தலைவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். உறுப்பினர்களும் கொஞ்சம் உரக்கப் பேசப் பழகிக்கொண்டார்கள். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் இருந்த உறுப்பினர் ஒருவர், தலைக்கு மேலே கேட்ட தையல்காரரின் புகாரைத் தன் பேச்சென்று நினைத்து அப்படியே ஒப்பித்தார். அது குறிப்பில் ஏறியது. ஏறிய அதே நிமிடம் தையல்காரருக்குக் குரல் திரும்பியிருந்தது. சுருக்கெழுத்துக்காரி சாயங்காலம் கடைக்கே போய், நேரத்தை இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

சுருக்கெழுத்துக்காரர்கள் ஐந்தைந்து நிமிடமாக முறை மாற்றி எழுதுவார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்ப்பதில்லை. பிரிவு அதிகாரி பக்கங்களை எண்ணுவதோடு சரி. தினமும் பதினொன்றரைக்கு அவள் முறை. பிடிபட்டால் அவள் வேலையும் போகும். மறுநாள் சாலை மானியத்தைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தபோது, மேலே இருந்து, ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு ஒரு கூரை என்று அந்தத் தெரிந்த குரல் இறங்கியது. பேசிக்கொண்டிருந்த உறுப்பினரின் பெயருக்குக் கீழே ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும், தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று அவர் வாய்விட்டுக் கேட்டார். அவள் உடனே நம்பிவிடுவாளா? கல்யாணத்தன்று தன் காதில் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

கூரை மட்டும் வரவில்லை. பத்தாம் நாள் அவர் மறுபடியும் கைபேசியைக் கையில் எடுத்தார். பிடுங்கி எறியத்தான் அவள் எழுந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அப்படியே நின்றாள்.

"இப்ப வேண்டாம். நாளைக்குப் பதினொன்னரைக்கு என் முறை. அப்பப் பேசுங்க. சுருக்கமாப் பேசுங்க."

விஷயம் எப்படிப் பரவியதோ, நகரத்தில் இப்போது எல்லோரும் பதினொன்றரைக்குத்தான் பேரவையோடு பேசுகிறார்கள். பதினொன்று முப்பத்தைந்துக்குத் தொண்டையைச் செருமிப் பார்த்துவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறார்கள்.