மிஸ் நடிக்கச் சொன்ன வாக்கியம்

17 ஜூலை, வியாழன்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். வீட்டுப்பாடத்துக்குக் கம்பெனி சூப்பர்வைசரை எடுத்துக்கொண்டேன். அம்மாவைப் பற்றி எழுதியிருக்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மாலை வகுப்பில் இந்த வாரம் ஆங்கில நிகழ்காலம். தினமும் பார்க்கும் ஒருவர் என்னென்ன செய்கிறார் என்று எழுதிவரச் சொல்லியிருந்தார் ஷெரின் மிஸ். ‘ஐ’ என்றால் வினை அப்படியே நிற்கும். ‘ஹி’ என்றால் கடைசியில் ஒரு ‘ஸ்’ சேர வேண்டும். அதை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். ஆளைச் சரிபார்க்கவில்லை.

இராஜபாளையத்தில் நான் பேண்டேஜ் சுருட்டும் கம்பெனியில் சீனிச்சாமி அண்ணாச்சிதான் சூப்பர்வைசர். ஏற்றுமதிப் பிரிவுக்கு ஓர் ஆள் வேண்டும். நாளை அவர் முதலாளியிடம் என் பெயரைச் சொன்னால் அந்த இடம் எனக்கு. இன்று வகுப்புக்குள் நுழைந்தால் முன் பெஞ்சில் அவர். அடுத்த மாதம் வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள் என்று புதிதாகச் சேர்ந்திருக்கிறார்.

பெயர் போடவில்லை என்ற தைரியத்தில் வாசித்தேன். “ஹி வாக்ஸ். ஹி சிட்ஸ். ஹி ஸ்லீப்ஸ்.” அண்ணாச்சி கையைத் தூக்கிக் கடைசி வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார். எங்கள் வகுப்பில் தமிழில் அர்த்தம் சொல்லக் கூடாது. நடித்துத்தான் காட்ட வேண்டும். மிஸ் என்னையே நடிக்கச் சொன்னார். அதுவும் முதலிலிருந்து.

வேறு மாதிரி நடிக்க எனக்குத் தெரியவில்லை. கைகளைப் பின்னால் கட்டி நடந்தேன். இல்லாத துண்டால் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதுபோல் காட்டி, பேனாவைப் பிடித்தபடியே தலையைத் தொங்கப்போட்டேன். வகுப்பு சிரித்தது. அண்ணாச்சி தன் நெற்றியிலிருந்த கண்ணாடியை மெல்லக் கீழே இறக்கினார்.

ஒன்றும் அறியாத மிஸ், அதையே ‘ஐ’ போட்டுச் சொல்லும்படி அவரிடம் கேட்டார். அண்ணாச்சி எழுந்து நின்றார். “ஐ ஸ்லீப்” என்றார். பிழையே இல்லை. எல்லாரும் கைதட்டினோம். நான் தட்டியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது.

பஸ் ஸ்டாண்டில் அவரே என் பக்கம் வந்தார்.

“ஏம்மா செல்வி, நான் கண்ண மூடிக் கணக்குல்லா பாக்கேன். அதுக்கு என்ன இங்கிலீசு?”

“தெரியலை அண்ணாச்சி.”

“பொறவு எதுக்கு எழுதுத?”

பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டுக்காரர்களிடம் தன் வேலையைத் தானே சொல்ல வேண்டுமாம்; முதலாளி உத்தரவு. இன்றுவரை தனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம்தான் என்றார். அது நான் கொடுத்தது.

“ஒம் பேரச் சொல்லுதேன். ஆனா அவிய முன்னால நான் சொல்லதுக்கு, முழிச்சிருக்க மாதிரி நாலு எழுதிக் குடு.”

நாளை செய்ய வேண்டியது: மதியச் சாப்பாடு முடிந்ததும் அண்ணாச்சியின் மேசைக்குப் போய், அவர் செய்கிற வேலைகளைப் பார்த்து, ‘ஐ’ போட்டு நான்கு வாக்கியங்கள் எழுத வேண்டும்.